மறைந்த பேராசிரியருக்கு நினைவுத் தொகுப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

எங்கள் சிவில் துறைப் பேராசிரியர் காலமான அன்று, பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அரை மணி நேரத்துக்குள் இரண்டு விஷயம் முடிவாகிவிட்டது. ஒன்று, அவர் பெயரில் ஒரு பரிசு. இன்னொன்று, கல்லூரி வாசலில் வைக்கும் ஃப்ளெக்ஸின் அளவு. சார் முப்பது வருடமாகக் கைப்பட எழுதிய பாடக்குறிப்புகள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏழு வாரம் கழித்துக் கேட்டபோது, வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அலமாரியைக் காலி செய்திருந்தார்கள். பாதிக்கு மேல் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.

அதன் பிறகு வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு ஜூனியர்கள் இதே வேலையைச் செய்தபோது கூட இருந்தேன். அவர்களும் நாங்கள் தொடங்கிய இடத்திலேயே, அதாவது பணத்தில், தொடங்கினார்கள். சரியான வரிசை இது: காகிதம், பேச்சு, கூட்டம், பணம். காகிதம் ஒரே மாதத்தில் காணாமல் போகும். நினைவு வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகும். கூட்டத்தைத் தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடாது. பணம் ஒரு வருடம் கழித்தும் வரும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

மூன்று பேர் போதும். ஆனால் மூவரும் ஒரே பேட்ச்சாக இருக்கக் கூடாது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில் படித்த ஒருவர், நடுவில் ஒருவர், ஓய்வு பெறும் சமயத்தில் படித்த ஒருவர். எண்பதுகளில் படித்தவர்களுக்கு அவர் பிரம்பில்லாத போலீஸ்காரர். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த சார். ஒரே செட் உட்கார்ந்து எழுதினால் ஒரே முகம்தான் பதிவாகும்.

மூவரில் ஒருவராவது அவர் வீடு இருக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும். டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு அலமாரியைத் திறக்க முடியாது.

அடுத்து, இரண்டு வெளி ஹார்டு டிஸ்க், எல்லோரும் பார்க்கும்படி ஒரு கூகுள் ஷீட், அட்டைப் பெட்டிகள். ஷீட்டில் மூன்று பத்தி இருந்தால் போதும்: என்ன வந்தது, யாரிடமிருந்து வந்தது, வெளியிட அனுமதி உண்டா இல்லையா. மூன்றாவது பத்தியை முதல் நாளே போடுங்கள். பின்னால் இருநூறு பேரைத் திரும்பக் கூப்பிட்டு அனுமதி கேட்பது ஆகாத காரியம்.

2. காரியம் முடியும்வரை

குடும்பத்துக்கு ஒரே ஆள் மூலமாக மட்டும் பேசுங்கள். துக்க வீட்டில் ஒரு நாளைக்கு நாற்பது பழைய மாணவர்கள் தனித்தனியாகப் போன் செய்து, "நாங்க ஒரு மீட்டிங் வைக்கலாம்னு இருக்கோம் மேடம்" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. அவர்களுக்கு அது இன்னொரு சுமை.

சில வீடுகளில் 13-ஆம் நாள், சிலவற்றில் 16-ஆம் நாள், வேறு மதத்தவர் வீடுகளில் வேறு கணக்கு. எதுவானாலும் அது முடியும்வரை எந்தத் திட்டத்தையும் அவர்கள் முன் வைக்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நெருக்கமான ஒருவர், மகனிடமோ மகளிடமோ தணிந்த குரலில், "சாரோட பேப்பர் எதையும் இப்போதைக்குத் தூக்கிப் போட வேண்டாம், நாங்க வந்து பார்க்கிறோம்" என்று சொல்லி வைக்க வேண்டும். இந்த ஒரு வரியை நாங்கள் சொல்லாமல் விட்டோம்.

அவர் பணியில் இருக்கும்போதே காலமாகியிருந்தால், துறைத் தலைவரிடமும் இதையே சொல்லுங்கள். ஸ்டாஃப் ரூமில் அடுத்த ஆளுக்கு மேஜை தேவைப்படும். அறையைக் காலி செய்பவருக்கு எது குப்பை, எது குறிப்பு என்று தெரியாது.

3. குடும்பத்திடம் கேட்க வேண்டியவை

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து நேரில் போங்கள். இரண்டு பேர் போனால் போதும்; பத்துப் பேர் போனால் அவர்கள் காபி போடுவதிலேயே பொழுது போய்விடும்.

முதல் கேள்வி: இப்படி ஒரு தொகுப்பு உங்களுக்குச் சம்மதமா? விளம்பரமே பிடிக்காத மனிதர்கள் உண்டு. "என் பேருல எதுவும் செய்யக் கூடாது" என்று அவர் சொல்லியிருந்தால், மாணவர்களுக்கு மட்டும் சுற்றுக்கு விடும் தொகுப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது: எதைப் பற்றி எழுத வேண்டாம்? நோய், கடைசி நாட்கள், கல்லூரி நிர்வாகத்தோடு இருந்த சண்டை. இவற்றைப் பற்றி மாணவர்களுக்குத் தெரிந்ததைவிடக் குடும்பத்துக்கு அதிகம் தெரியும், வலியும் அதிகம். கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பலர் தவறவிடுவது: அவருடைய எழுத்துகளை வெளியிட எழுத்து மூலம் அனுமதி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் எழுதியதன் உரிமை அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே அவருடைய பாடக்குறிப்பு பொதுச்சொத்து ஆகிவிடவில்லை. பெரும்பாலும் அது வாரிசுகளுடையது. அரைப் பக்கக் கடிதத்தில் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதும். ஒருவரிடம் மட்டும் வாங்கிவிட்டு, தொகுப்பு அச்சுக்குப் போகும் நேரத்தில் வெளியூரில் இருக்கும் இன்னொரு பிள்ளை, "என்கிட்ட யாரும் கேக்கலையே" என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய கணினி, மின்னஞ்சல் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். பாஸ்வேர்டை ஊகித்துத் திறந்து பார்ப்பது கூடவே கூடாது. எந்த ஃபைலைக் கொடுக்கலாம் என்று குடும்பம் பார்த்துச் சொல்லட்டும்.

4. காகிதங்களை மீட்பது

அலமாரியைத் திறந்ததும் எதையும் கலைக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு தட்டையும் இருந்தபடியே போட்டோ எடுங்கள். எந்த நோட்டுக்குப் பக்கத்தில் எந்த நோட்டு இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். எங்கள் சார் ஒவ்வொரு பாடத்தின் குறிப்புக்கும் பக்கத்தில், அந்த வருடம் மாணவர்கள் கேட்ட கேள்விகளைத் தனி நோட்டில் எழுதி வைத்திருந்தார். அடுக்கி வைக்கிறேன் என்று அளவு வாரியாகப் பிரித்தேன். எந்தக் கேள்வி நோட்டு எந்தக் குறிப்புக்கு உரியது என்று பிறகு கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது.

எதை எடுப்பது? புதிதாக இறங்குபவர்கள் அச்சிட்ட கட்டுரைகளையும் பட்டங்களையும் பத்திரமாக எடுப்பார்கள். அவை எப்படியும் எங்கோ கிடைக்கும். அவரிடம் ஆய்வு செய்தவர்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் பல, இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்திலேயே இருக்கும். வேறெங்கும் கிடைக்காதவை இவைதான்: கைப்பட எழுதிய வகுப்புக் குறிப்புகள், சைக்ளோஸ்டைல் செய்த (ஸ்டென்சில் வைத்து நகலெடுத்த) கணக்குத் தாள்கள், லேப் மேனுவலின் முதல் வரைவு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய புத்தகங்கள், கன்சல்டன்சி வேலைக்குப் போட்ட கணக்குகள்.

ஓரக் குறிப்பின் மதிப்புக்கு ஓர் உதாரணம். ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் விதிநூலில், கட்டுமானம் எந்த எல்லையில் தாங்காமல் போகும் என்று பார்த்துக் கணக்கிடும் 'லிமிட் ஸ்டேட்' முறை 1978 பதிப்பில் வந்தது. அதற்கு முன் எல்லோரும், அன்றாடச் சுமையில் தகைவு அனுமதித்த அளவைத் தாண்டாமல் கணக்கிடும் 'வொர்க்கிங் ஸ்ட்ரெஸ்' முறையில் பழகியவர்கள். எங்கள் சாரின் 1978 பிரதியில், ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில், பழைய முறையில் இதே உத்தரத்துக்கு எவ்வளவு கம்பி வரும், புதிய முறையில் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் கணக்கு இருக்கிறது. 2000-இல் அடுத்த பதிப்பு வந்ததும் இந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பழசு என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். ஒரு மனிதர் தானே கற்றுக்கொண்டு பிறகு கற்பித்தது அந்த ஓரங்களில்தான் தெரிகிறது. ஆனால் விதிநூலின் உரிமை இந்தியத் தர நிர்ணய அமைவனத்துடையது. குறிப்புள்ள சில பக்கங்களைக் காட்டலாம். முழு நூலையும் ஸ்கேன் செய்து பரப்பக் கூடாது.

எடுக்கக் கூடாதவை: மாணவர்களின் மதிப்பெண் பட்டியல், விடைத்தாள், சிபாரிசுக் கடிதங்களின் நகல், தனிப்பட்ட கடிதங்கள். இன்னொருவரைப் பற்றிய விஷயம் இருக்கும் எதையும் குடும்பத்திடமே விட்டுவிடுங்கள்.

5. ஸ்கேன் செய்வது

எழுத்துப் பக்கங்களுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். நுண்ணிய பென்சில் குறிப்பும் வரைபடமும் இருந்தால் 600. கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டாம், வண்ணத்தில் எடுங்கள். சிவப்பு மையில் திருத்தியது, நீலத்தில் எழுதியது என்ற வேறுபாடு கறுப்பு வெள்ளையில் அழிந்துவிடும்.

முதலில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் மெல்லக் கழற்றுங்கள். துருப்பிடித்ததை இழுத்தால் காகிதம் கிழியும். பின்பக்கமாக நிமிர்த்தி எடுக்க வேண்டும். செல்லோ டேப் ஒட்டிப் பழுது பார்க்கவே வேண்டாம். சில வருடத்தில் அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தை விழுங்கிவிடும்.

எதை முதலில் ஸ்கேன் செய்வது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. ஃபேக்ஸ் தாள் தானாகவே வெளுத்துப் போகும், அதுதான் முதல். அடுத்து, பழைய முறையில் நகலெடுத்த அம்மோனியா பிரிண்ட் வரைபடங்கள். வெளிச்சம் பட்டால் மங்கும், ஆகவே ஜன்னல் ஓரத்தில் விரித்து வைக்காதீர்கள். அப்புறம் நொறுங்கும் சைக்ளோஸ்டைல் தாள். பேனாவால் நல்ல நோட்டில் எழுதியது கடைசி. பெரிய வரைபடங்களைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிக்கொண்டிருக்காமல், பெரிய அளவு ஸ்கேனர் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுங்கள். அசல் கையை விட்டுப் போகாமல் கூடவே நில்லுங்கள்.

ஃபைல் பெயரை 'ஸ்கேன்001' என்று விட்டால் ஆறு மாதத்தில் யாருக்கும் எதுவும் புரியாது. வருடம், பாடம், பக்க எண் மூன்றும் பெயரிலேயே இருக்கட்டும்.

6. நினைவுகளைச் சேகரிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அதிகமாகச் சொதப்புவதும் இங்கேதான்.

"சாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்" என்று குழுவில் போட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "எளிமையின் சிகரம்", "அறிவுக் கடல்", "ஈடு செய்ய முடியாத இழப்பு". நூறு பேர் எழுதினாலும் யாரைப் பற்றி என்று பெயரை மறைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் படித்த நாட்களைப் பற்றிச் சொன்ன சம்பவத்தை யோசித்துப் பாருங்கள். விமான வடிவமைப்பு வேலை பின்தங்கியிருந்தபோது, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பேராசிரியர் சீனிவாசன் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாள் கெடுவால்தான் அந்தப் பேராசிரியரின் பெயர் இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். எங்களுக்குப் பலன் கொடுத்தவை இவை: சார் உங்களைத் திட்டிய ஒரு தடவையைச் சொல்லுங்கள், எதற்காக? வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார்? போர்டில் எந்த மூலையிலிருந்து எழுதத் தொடங்குவார்? உங்கள் வேலையில் இன்றும் அவர் சொன்னபடி செய்யும் ஒரு விஷயம் எது? அவர் தப்பு செய்து நீங்கள் பார்த்ததுண்டா?

கடைசிக் கேள்விக்குப் பலர் தயங்குவார்கள். ஆனால் நல்ல பதில்கள் அதற்குத்தான் வந்தன. ஒருவர் சொன்னது: கட்டமைப்புப் பாடத்தில் சார் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டார், பின் பெஞ்சிலிருந்து இவர் சொன்னார். சார் அழித்துத் திருத்திவிட்டு, மறுநாள் வந்து, "நேத்து நான் ஏன் தப்பு பண்ணேன்னு ராத்திரி யோசிச்சேன், ஃப்ரீ பாடி டயகிராம் போடாம நேரா சமன்பாட்டுக்குப் போனேன், அதான்" என்றாராம். அதன் பிறகு அந்தப் படத்தை, அதாவது ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளை எல்லாம் காட்டும் படத்தை, போடாமல் கணக்குத் தொடங்கிய யாருக்கும் அவர் மதிப்பெண் போட்டதில்லை.

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். வலிமையைச் சோதிக்க, கான்கிரீட் கியூபை வார்த்த 28-ஆம் நாள் உடைக்க வேண்டும். ஊருக்குப் போகிற அவசரத்தில் ஒரு நாள் முன்னதாகவே உடைத்துவிட்டு, ரெக்கார்டில் 28 என்று எழுதினேன். சார் ரெக்கார்டைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். திட்டவில்லை. "27-னு எழுது, ஒரு நாள்ல ஒண்ணும் பெரிசா மாறாது. ஆனா பொய்யா 28 போட்டா, அடுத்து நீ எழுதற எதையும் நான் நம்ப முடியாது" என்றார்.

எழுதச் சொல்வதைவிடப் பேசச் சொல்வது மேல். பொறியாளர்களில் பெரும்பாலோருக்கு எழுத வராது; போனில் நாற்பது நிமிடம் பேசுவார்கள். பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கித் தரம் போய்விடும்; 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 1985 குரூப் போட்டோவில் நான்காவது வரிசையில் நிற்பவரின் முகம் இதை வைத்துத்தான் தெரியும் அல்லது தெரியாது.

முதலில் யாரிடம் பேசுவது? வயதானவர்களிடம். அவருடைய வகுப்புத் தோழர்கள், அவரை வேலைக்கு எடுத்த காலத்து சக ஆசிரியர்கள். பெரிய பதவியில் இருக்கும் மாணவர் எப்போது வேண்டுமானாலும் கிடைப்பார். அவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

லேப் அசிஸ்டன்டை மறக்கவே மறக்காதீர்கள். கம்பியை இழுத்துச் சோதிக்கும் யு.டி.எம். மெஷின் பழுதானபோது ஞாயிற்றுக்கிழமை வந்து கூடவே எண்ணெய்க் கையோடு நின்ற சார் எப்படிப்பட்ட மனிதர் என்று மாணவர்களைவிட லேப் அசிஸ்டன்டுக்குத்தான் தெரியும். வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், கேன்டீன்காரர் இவர்களிடமும் கேளுங்கள். அவர்களுக்கு சாரிடம் மதிப்பெண் வாங்க வேண்டிய அவசியம் என்றுமே இருந்ததில்லை.

7. தொகுப்பது

வந்த எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. ஒரே சம்பவத்தை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால், தெளிவானதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஆவணத்தில் வையுங்கள். தேதி முரண்பட்டால் தேதியை விட்டுவிட்டுச் சம்பவத்தை மட்டும் எழுதுங்கள். பேட்ச் வரிசையில் அடுக்குங்கள். பதவி வரிசையில் அடுக்கினால் சண்டை நிச்சயம்.

பேச்சில் சொன்னதைச் செந்தமிழாக்க வேண்டாம். அவர் "டேய், படம் போட்டியா?" என்றுதான் கேட்டார். "வரைபடம் வரைந்தாயா?" என்று திருத்தினால் வேறு யாரோ பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகளை ஆங்கிலத்திலேயே விடலாம்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் முழுத் தொகுப்பையும் குடும்பத்தில் ஒருவர் படித்தே ஆக வேண்டும். பெயர் குறிப்பிடப்பட்ட மாணவர்களுக்கும் அவரவர் பகுதியை அனுப்பிவிடுங்கள். ஒருவன் நான்கு அரியர் வைத்திருந்த கதை நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். அவன் இன்று ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு நடத்துபவன்.

8. கூட்டம்

காகிதமும் பேச்சும் கையில் வந்த பிறகு கூட்டம் வையுங்கள். அப்போது மேடையில் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். முதலாம் ஆண்டு நினைவு நாளை ஒட்டி வைத்தால் வெளியூர்க்காரர்கள் விடுப்பு எடுக்க முடியும். ஆனால் வீட்டில் திதி கொடுக்கும் நாளிலேயே வைத்துவிடாதீர்கள். குடும்பத்தால் வர முடியாது. திதி பஞ்சாங்கப்படி வருவதால் ஆங்கிலத் தேதியோடு பொருந்தாது. கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள்.

இடம், முடிந்தால் அவர் பாடம் எடுத்த வகுப்பறை. ஆடிட்டோரியம் என்றால் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் தானாக வந்துவிடும். படத்திறப்பு மட்டும் போதும்.

பேசுபவர்கள் எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். முதலில் லேப் அசிஸ்டன்ட், கடைசியில் குடும்பம். நேரத்தைச் சொல்லி நிறுத்தும் தைரியம் உள்ள ஒருவரை மைக் பக்கத்தில் நிறுத்துங்கள். முதல் பேச்சாளர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் பிறகு யாரையும் கட்டுப்படுத்த முடியாது. பிற்பகல் வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது.

9. பணம்

யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்காதீர்கள். நாணயமானவராக இருந்தாலும், வருமான வரித்துறை அதை அவர் வருமானமாகப் பார்த்துக் கேள்வி கேட்கலாம்; கொடுத்தவருக்கு வரிச்சலுகையும் கிடைக்காது. கல்லூரியிலோ பழைய மாணவர் சங்கத்திலோ 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு) இருந்தால் நேரடியாக அங்கே கட்டச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நிதியாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. "நம்ம பையன்தானே" என்று வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்ப அலைந்தவர்கள் உண்டு.

பரிசுத் தொகையை வட்டியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 5 லட்சம் வைப்பு, வட்டி 6.5 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 32,500. அதில் 25,000 பரிசு, மீதி 7,500 அசலோடு சேரட்டும். முழு வட்டியையும் கொடுத்துக்கொண்டே போனால் அசல் வளராது; விலைவாசி ஏற ஏறப் பரிசின் மதிப்பு குறைந்துகொண்டே போகும்.

யாருக்குப் பரிசு? உடனே வரும் பதில் முதல் ரேங்க். முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணுக்கு ஏற்கெனவே நாலு மெடல் இருக்கும். சார் எதைப் பாராட்டியிருப்பார் என்று தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். எங்கள் தொகுப்பில் திரும்பத் திரும்ப வந்தது லேப். ஆகவே, எதிர்பார்த்த விடை வராத சோதனையை மறைக்காமல் எழுதி, ஏன் வரவில்லை என்று விளக்கும் லேப் ரெக்கார்டுக்குக் கொடுக்கிறோம். அன்று குழுவில் முடிவானதும் உடனே பரிசை அறிவித்திருந்தால் இந்த யோசனை வந்திருக்காது. இந்த நிபந்தனையைக் கல்லூரியோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முதல்வர் மாறினால் வாய்ப்பேச்சு நிற்காது.

10. ஒப்படைப்பது

அசல் காகிதங்கள் குடும்பத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அவர்களே நூலகத்துக்குக் கொடுக்க விரும்பினால், எத்தனை நோட்டு, எத்தனை வரைபடம் என்று பட்டியல் போட்டு நூலகர் கையெழுத்தோடு கொடுங்கள். பட்டியல் இல்லாமல் கொடுத்த பெட்டி, நூலக மாடிப்படிக்குக் கீழே போய்விடும்.

ஸ்கேன் செய்ததை மூன்று இடத்தில் வையுங்கள்: ஒரு டிஸ்க் குடும்பத்திடம், ஒன்று உங்களில் ஒருவரிடம், ஒரு பிரதி இணையச் சேமிப்பில். இணையச் சேமிப்புக்குப் பணம் கட்டுபவர் யார் என்று பெயரோடு ஷீட்டில் எழுதுங்கள். கார்டு காலாவதியானால் ஃபைலும் போய்விடும். வருடத்துக்கு ஒரு தடவை, பரிசளிக்கும் வாரத்தில், டிஸ்க்கை மாட்டித் திறந்து பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் விலகினால், அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.